ஒரு பீரியட் தள்ளிக் கேட்பவள்

பேருந்து ஓட்டும் அம்மாவின் மகளிடம் யார் எதைச் சொன்னாலும், அது ஒரு பீரியட் நேரம் கழித்துத்தான் அவள் காதில் வந்து விழும். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். வீட்டில் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே "சாப்பிட வாடி" என்று கூப்பிட்டுவைப்பார்கள். சாப்பாடு ஆறுவதற்குள் அவள் கை கழுவிக்கொண்டு வந்துவிடுவாள். அப்பா முன்கூட்டியே திட்டிவிட்டு வேலைக்குக் கிளம்புவார். திட்டு வந்து சேரும் நேரமும் அவள் குறும்பு செய்யும் நேரமும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒரே பிள்ளை என்பதால், பிள்ளைகள் என்றாலே இப்படித்தான் என்று அம்மா நினைத்திருந்தாள். சொன்ன உடனே எந்தப் பிள்ளை கேட்டிருக்கிறது? ஆகவே பள்ளியில் சேர்த்தபோது இதைச் சொல்லத் தோன்றவில்லை.

மூன்றாம் வகுப்பில் அவளுக்கு மக்கு என்று பேர் வந்தது. கண் டாக்டர் கண் நன்றாக இருக்கிறது என்றார். காது டாக்டர் காது அதைவிட நன்றாக இருக்கிறது என்றார். முதல் பெஞ்சில் உட்காரவைத்தார்கள், உரக்கச் சொன்னார்கள், நிறுத்தி நிதானமாகச் சொன்னார்கள். உரக்கச் சொன்னது உரக்கவே போய்ச் சேர்ந்தது, ஒரு பீரியட் தள்ளி. கடைசியில் தலைமையாசிரியர் அம்மாவை வரவழைத்து, பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்கும் அம்மையார் ஒருவர் வருவார், அவரும் கைவிரித்துவிட்டால் இவளை இரண்டாம் வகுப்புக்கே திருப்பி அனுப்ப வேண்டியதுதான் என்றார். 

"முத்திரை குத்திட்டா காலத்துக்கும் போகாதே, சார்" என்றாள் அம்மா. ஆனாலும் சம்மதித்தாள்.

முடிச்சு அவிழ்ந்தது ஆசிரியர்கள் டீ குடிக்கும் அறையில். "வானத்துக்கு என்ன கலர் அடிக்கலாம்னு கேட்டா, அந்தப் பொண்ணு எழுந்து ஐம்பத்தாறுங்கறா" என்று அலுத்துக்கொண்டார் ஓவிய டீச்சர்.

"ஐம்பத்தாறா? ஏழெட்டு எவ்வளவுன்னு நான்ல கேட்டேன்!" கணக்கு டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்கிட்ட நீலம்னு சொன்னா. நான் ஓடத்தானே சொன்னேன்?" என்றார் விளையாட்டு சார். ஆளுக்கொரு முட்டை போட்டிருந்த மூவரும் அவளைப் பற்றி ஒன்றாக உட்கார்ந்து பேசியது அன்றுதான்.

சோதிக்க வந்த அம்மையாரிடம் இதைச் சொன்னபோது, "ஓ, அந்த வகையா" என்றார். எல்லாக் கேள்விகளையும் வரிசையாகக் கேட்டுவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். சிறுமி ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்தாள். வாசலில் நின்ற அம்மாவோ கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மையார் சாப்பிட்டு, டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்தபோது பதில்கள் ஆரம்பித்தன. கேட்ட வரிசை மாறாமல் வந்தன. ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் சரி.

"பொண்ணு கெட்டிம்மா. சொல்லுதான் சுத்திட்டு வருது. பாடத்தை ஒரு பீரியட் முன்னாடியே இவகிட்ட சொல்லிவைக்கச் சொல்றேன்."

"இதே வகுப்புல இருப்பாளா?"

"பின்னே?"

வராந்தாவில் அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். "நீ மக்கு இல்லடி. வீட்ல தெரிஞ்சதை இங்க சொல்லாத நான்தான் மக்கு." சிறுமி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்து நேரே வேலைக்குப் போனார்கள். சிறுமி ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். நாலாவது சிக்னலில் வண்டி நின்றபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"நீயும் மக்கு இல்லம்மா."

விளக்கு பச்சையானது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வீடு வந்துடுச்சு, இறங்குடி" என்று இப்போதே சொல்லிவைத்துவிட்டு வண்டியை எடுத்தாள்.