பீரோக் கதவின் உட்புறம்

சாம்பல் பெயிண்டுக்கு அடியிலிருந்து அந்த ஊதா எழுத்து கசிந்து மேலே வந்துவிட்டது, மார்க்கர் மையை எத்தனை தடவை பெயிண்ட் பூசினாலும் மறைக்க முடியாது போலிருக்கிறது, பீரோக் கதவின் உட்புறத்தில் துண்டு போடும் கம்பிக்கு மேலே ஒரே ஒரு வரி, மற்றதெல்லாம் பெயிண்டுக்குள் போய்விட்டது, உலகம்மாள் கதவைப் பிடித்தபடி நிற்கிறாள், பின்னால் கட்டிலில் அவள் புருஷனின் அக்கா மகள் ஆவுடைச்செல்வி பெட்டியைத் திறந்து சோப்பு டப்பா, சீப்பு, புது வாளி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறாள், நாளைக்கு அவளுக்கு வேலையில் முதல் நாள். இதே தாம்பரம் பெண்கள் விடுதி, இதே பதினாலாம் நம்பர் அறை, பத்து வருடத்துக்கு முன்னால் உலகம்மாள் இந்தக் கதவைத் திறந்தபோது மேலிருந்து கீழ்வரை எழுத்தாக இருந்தது, அவளுக்கு முன்னால் இந்தக் கட்டிலில் படுத்திருந்தவள் எழுதியது, பெயர் ஜெசிந்தாவாம், முகம் தெரியாத ஒருத்தி, முதல் சம்பளத்தில் ஊரில் எல்லாருக்கும் துணி எடுக்காதே, பல் டாக்டரிடம் போ, அழுவதென்றால் ஞாயிற்றுக்கிழமை அழு, மற்ற நாளில் பாத்ரூமுக்கு வரிசை நிற்கிறது, ஒருத்தன் போன் எடுக்கவில்லை என்றால் அவனுக்கு ஆக்ஸிடெண்ட் ஆகவில்லை, எடுக்கவில்லை, அவ்வளவுதான், கறுப்புக் கவரில் சுற்றித் தராதீர்கள் என்று மெடிக்கல் கடையில் சத்தமாகச் சொல், இப்படியே போய்க் கடைசியில், வேண்டாம் என்று சொல்லும்போது காரணம் சொல்லாதே, சொன்னால் அதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள். அந்தக் கடைசி வரிதான் இப்போது பெயிண்டை மீறிக்கொண்டு நிற்கிறது. அன்றைக்கு அதைப் படித்துச் சிரித்தாள், பெரிய மேதாவி என்று நினைத்தாள், இவ்வளவு எழுதியவளை அண்ணன்மார் ஒரு வேன் எடுத்து வந்து அள்ளிக்கொண்டு போனார்கள் என்று வார்டன் சொன்னபோது, சரிதான், இதெல்லாம் கதவில் எழுதத்தான் லாயக்கு என்று கதவைச் சாத்தினாள், அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது தன்னையே அறையவேண்டும் போலிருக்கிறது.

கோயில் கொடைக்கு வந்துட்டுப் போ ஏட்டி, சாமிக்கு வருசத்துல ஒரு நாளு என்று அந்த வருடமே அப்பா போனில் கூப்பிடுகிறார், குரலில் தேன் ஒழுகுகிறது, அவள் பஸ்ஸில் ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே தூங்கி, விடிகாலையில் சங்கரன்கோவில் தாண்டி இறங்கி நடக்கிறாள், கோயிலில் மைக்செட் பாடுகிறது, கொடை நிஜம்தான், அதில் பொய்யில்லை, ஆனால் வீட்டு வாசலில் தெரியாத செருப்புகள் பதினைந்து ஜோடி கிடக்கின்றன, அடுப்படியில் கேசரி வாசம், கட்டில் மேல் பட்டுப்புடவை விரித்துக் கிடக்கிறது, பூ வைக்க வந்திருக்காவ, குளிச்சிட்டு வா என்கிறாள் அம்மா, என்னமோ பால்காரன் வந்திருக்கிறான் என்பது போல. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தலையில் பூவை வைத்துவிட்டால் முடிந்தது, பிறகு வேண்டாமென்றால் இரண்டு குடும்பத்துக்கும் தலைகுனிவு, அது தெரிந்துதான் கொடையைச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். ஈரத்தலையோடு நின்று அவள் காரணம் சொன்னாள், அம்மா பதில் சொன்னாள், மேலே படிக்கணும்மா, கல்யாணம் முடிச்சுப் படிக்க வைக்கோம்னு சொல்லுதாவ, மெட்ராஸ்ல வேலை இருக்கே, மாப்பிள்ளைக்கும் மெட்ராஸ்தான், எட்டு வயசு கூடம்மா, எனக்கும் அப்பாவுக்கும் பன்னெண்டு, நான் என்ன செத்தா போனேன். ஒவ்வொரு காரணத்துக்கும் பதில் ரெடியாக இருந்தது, யாரும் கோபப்படவில்லை, அடிக்கவில்லை, அதுதான் பாவிகளின் சாமர்த்தியம், வேறென்னட்டி, வேறென்ன என்று அம்மா கேட்டுக்கொண்டே தலையைத் துவட்டினாள், வேறொன்றும் இல்லை, காரணங்கள் தீர்ந்துபோயின, காரணம் தீர்ந்தால் சம்மதம் என்று அர்த்தமாகிவிடும் என்பது அவளுக்குத் தெரியாது, வேண்டாம் என்ற ஒற்றைச் சொல்லை அத்தனை பேச்சுக்கு நடுவில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பது திரும்பிவரும் பஸ்ஸில், தலையில் பூ வாடிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது.

படிக்க வைத்தார்களா என்றால், அப்ளிகேஷன் வாங்கிக் கொடுத்தார்கள், அது இன்னும் மேஜை டிராயரில் கிடக்கிறது. வேலை மூத்தவன் பிறந்ததோடு போயிற்று. புருஷன் நயினார் கெட்ட மனுஷன் இல்லை, எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், அவளும் சொல்லிக்கொள்கிறாள், இன்று காலையில் அந்தக் கெட்டவனில்லாத மனுஷன் ஷூவைத் துடைத்துக்கொண்டே சொன்னான், செல்விக்கு இடம் முடிஞ்ச மாதிரிதான், வர்ற கொடையில பூ வச்சிருவோம், தாய்மாமன் நான் நின்னு நடத்தணும், நீ புள்ளைகிட்ட இப்பவே எதையும் உளறி வைக்காத, என்ன. அவளும் சரியென்று தலையாட்டிவிட்டுத்தான் ஆட்டோ ஏறினாள், வழியெல்லாம் செல்வி பேசிக்கொண்டே வந்தாள், அத்தை, ஞாயித்துக்கிழமை பீச்சுக்குப் போலாமா, அத்தை, ஸ்கூட்டி ஓட்டப் படிக்கப் போறேன், அவளுக்கோ ஈரத்தலையின் தண்ணீர் மறுபடி முதுகில் இறங்குகிறது.

செல்வி, இங்கெ வா. கொடைக்குக் கூப்பிட்டா வராத. ஏன் அத்தை என்று அந்தப் பெண் சீப்பும் கையுமாக எழுந்து வருகிறாள். பூ வைக்கப் போறாவ, உங்க மாமாதான் பேசி வச்சிருக்காவ. செல்வி சீப்பைப் பிடித்தபடியே கேட்டாள், வேண்டாம்னா என்ன காரணம் சொல்ல அத்தை? உலகம்மாள் கதவை முழுசாகத் திறந்து விலகி நின்றாள், அப்போது போன் அடித்தது, நயினார்தான், போய்ச் சேர்ந்தாச்சா, புள்ளைகிட்ட எதுவும் சொல்லலைல்லா. சொல்லிட்டேன். ஏன் சொன்ன, என்றான். வாய் வரைக்கும் காரணங்கள் வருகின்றன, செல்வி பச்சைப் பிள்ளை, நாளைக்குத்தான் முதல் நாள், இன்னும் பெட்டிகூடக் காலியாகவில்லை, எல்லாம் நியாயமான காரணங்கள், எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் இருக்கும், பத்து வருடமாக அவளுக்குத் தெரிந்த பதில்கள். கேக்கேன்லா, ஏட்டி, ஏன் சொன்ன. சொன்னேன், என்றாள் உலகம்மாள், அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை, கதவு நிறைய இருந்த அறிவுரையெல்லாம் அவளுக்கு மனப்பாடம், அதில் ஒன்றைச் செய்துபார்ப்பது இதுதான் முதல் தடவை, சாயங்காலம் அந்த வீட்டுக்குத்தான் திரும்பிப் போகவேண்டும். போனில் அவன் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறான், செல்வி சீப்பின் முனையால் கதவைச் சுரண்டத் தொடங்கியிருக்கிறாள், அந்த வரிக்கு மேலே வேறென்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க, சாம்பல் பெயிண்ட் தூள் தூளாக உதிர்ந்து புது வாளிக்குள் விழுகிறது.