முனீஸ்வரி இல்லாத ஞாயிற்றுக்கிழமை

வளைகாப்பு முடிந்த கையோடு பிள்ளைத்தாய்ச்சியைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். முனீஸ்வரியும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனாள். ஆனால் அடுத்த ஞாயிறே இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையலோடு ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி வேலைக்கு வந்து நின்றாள். இப்படியும் ஒரு பெண் உண்டா என்றால், உண்டு. செட்டியார்பட்டிப் பக்கம் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் டேட்டாபேஸ் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்.

எந்த ரோல் எந்த நூலில் நெய்தது, என்றைக்கு வெளுத்தது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனது என்று கம்பெனியின் ஜாதகமே அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. ஸ்டாக் என்ட்ரி போட வந்தவள் அவள். முந்தின ஆள் சொல்லாமல் கொள்ளாமல் கோயம்புத்தூருக்குக் கிளம்பிவிட, சர்வர் இவள் தலையில் விழுந்தது. சமையலுக்கு நடுவே காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒரு வருஷம் ஆன்லைனில் படித்தாள். யாருக்கு என்ன வேலையோ அதற்கு மட்டும் அனுமதி கொடு, தினமும் பேக்கப் எடு, ஒன்றை வேறு ஊரில் வை, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வை என்றார்கள். எல்லாம் செய்தாள். கடைசிப் பாடத்தில்தான் மாட்டிக்கொண்டாள். திரும்ப ஏற்றிப் பார்க்காத பேக்கப், பேக்கப்பே அல்லவாம். அதையும் அவள் ஏற்றக்கூடாதாம். அவள் இல்லாதபோது இன்னொருவரால் ஏற்ற முடியவேண்டுமாம்.

நான் இல்லாதபோது. வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள் முனீஸ்வரி. தலைப்பிரசவத்துக்குப் போகிற பெண்ணின் மனசில் ஒரு பயம் கிடக்கும். அதைச் சொல்லத்தான் ஆள் கிடைக்காது. புருஷன் விஜயபாண்டி எல்லையில் பட்டாளத்தில் இருந்தான், அவனிடம் சொல்லிக் கலங்கடிக்க மனசில்லை. அம்மா கருத்தம்மாவிடமோ அந்தப் பேச்சையே எடுக்க முடியாது.

அதற்குக் காரணம் இருந்தது. முனீஸ்வரியின் அப்பாவும் பட்டாளம்தான். கடைசி லீவு முடிந்து ரயில் ஏறும்போது, "ஒருவேள நான் இல்லாட்டி, நீ..." என்று ஆரம்பித்த மனுஷனின் வாயைக் கருத்தம்மா கையால் பொத்திவிட்டாள். அவர் திரும்பி வரவில்லை. என்ன சொல்ல வந்தார் என்பதும் அவரோடு போய்விட்டது.

கம்பெனி மேனேஜர் சீனிச்சாமியும் லேசில் சம்மதிக்கவில்லை.

"நல்லா ஓடுத சர்வரை எதுக்கும்மா செத்துட்டதா நெனச்சி ஒத்திகை பாக்கணும்? வெள்ளிக்கெழம வெளக்கேத்துத எடம்."

"அதான் சார் ஞாயித்துக்கெழம கேக்குதேன்" என்றாள்.

ஒத்திகைக்கு உட்கார்ந்தவர் ஸ்டோர் கீப்பர் காளிராஜ். அவளை விடப் பத்து வயது மூத்தவர். முனீஸ்வரி எழுதித் தந்ததைப் படித்துப் படித்து, காலியான வேறொரு கம்ப்யூட்டரில் அவர் பேக்கப்பை ஏற்ற வேண்டும். அவள் பக்கத்தில் உட்காரலாம், தொடவும் கூடாது, பேசவும் கூடாது. காளிராஜோ ஒற்றை விரலால் தட்டுகிறவர். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க யாரால் முடியும்? அவள் கை தானாக நீளும், வளையல் கலகலக்கும்.

"முனீசு, கையி!" என்பார் காளிராஜ், திரும்பியே பார்க்காமல்.

திருடனுக்கு மணி கட்டிவிட்ட மாதிரி ஆகிவிட்டது அவள் பாடு. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பாதி தூரம் வந்துவிட்டார்கள். அப்போது திரை பாஸ்வேர்டு கேட்டது. காளிராஜ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் இல்லை. எங்குமே இல்லை. யாருக்கும் தெரியக்கூடாது என்று அவள் அதை மனசுக்குள்ளேயே வைத்திருந்தாள். சொல்ல வாயைத் திறந்தாள்.

"நீ பேசக்கூடாது. நீதான் இங்க இல்லியே" என்றார்.

ஆட்டத்தின் விதியைத்தான் அவர் சொன்னார். அவளுக்கு நெஞ்சில் போய்த் தைத்தது. ஒரு வருஷமாகப் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டின் சாவியைத் தன் வாய்க்குள்ளேயே போட்டு வைத்திருந்திருக்கிறாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்துக் காளிராஜ் பதறிப்போனார்.

"ஏத்தா, வெளாட்டுக்குச் சொன்னேன்."

"இல்லண்ணே. சரியாத்தான் சொன்னீங்க."

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததைச் சொன்னாள். நினைத்தது போலவே கருத்தம்மா சீறினாள்.

"ஏட்டி, வாயக் கழுவு! நெறமாசக்காரி பேசுத பேச்சா இது?"

"ஒரு வார்த்தைய யார்ட்டயும் சொல்லி வைக்காததுனால அம்புட்டும் பூட்டிக் கெடக்கும்மா" என்றாள் முனீஸ்வரி.

கருத்தம்மா சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்பு ஊற்ற மறந்து நின்றாள்.

மறு ஞாயிறு ஒத்திகை திரும்ப நடந்தது. பாஸ்வேர்டை எழுதி இரண்டு உறையில் அரக்கு வைத்து, ஒன்றை முதலாளி பீரோவிலும் இன்னொன்றைப் பேங்க் லாக்கரிலும் வைத்திருந்தார்கள். காளிராஜ் பீரோவிலிருந்த உறையைப் பிரித்தார். ஒற்றை விரல் தட்டியது. முந்தின நாள் லாரி ஏறிய ரோல் வரைக்கும் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. சீனிச்சாமி சந்தோஷத்தில் சர்வருக்குச் சூடம் காட்டப் போனார். புகை ஆகாது என்று தடுப்பதற்குள் முனீஸ்வரிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. வேலை பற்றிய பயம் அன்றோடு போயிற்று. மற்றது அப்படியே கிடந்தது.

ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்ன நாள் காலையில் கருத்தம்மா மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு பாதியில் நின்றது.

"ஏட்டி, அந்தக் காளிராஜ் சொன்னானே, அப்படி வச்சிக்கிடுவோம். நீ இங்க இல்ல. நான் என்ன செய்யணும்?"

முனீஸ்வரி திரும்பிப் பார்த்தாள். "வாயக் கழுவச் சொல்ல மாட்டியே?"

"உங்கப்பா வாயப் பொத்துன கைதான் இது. இன்னைக்குச் சீப்பு பிடிச்சிருக்கு. சொல்லு."

முனீஸ்வரி விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். "பிள்ள ஒங்கிட்டதான் வளரணும். அவிய வேற கல்யாணம் பண்ணுனா நீ சண்டைக்குப் போகக் கூடாது. என் கதைய அழுதுக்கிட்டுச் சொல்லக் கூடாது, சிரிச்சிக்கிட்டுச் சொல்லணும்."

கருத்தம்மா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். "அந்தக் கல்யாண விசயந்தான் கொஞ்சம் கஷ்டம்" என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"சரி, அது எங்கிட்ட இருக்கட்டும். நீ சும்மா இரு."

எத்தனையோ மாதமாகச் சுமந்ததை இறக்கி வைத்தவளாக முனீஸ்வரி அம்மாவின் மடியில் சாய்ந்தாள்.

பிரசவ அறை வாசலில் நர்ஸ் வளையல்களைக் கழற்றச் சொன்னாள். முனீஸ்வரி ஒவ்வொன்றாகக் கழற்றி அம்மாவின் கையில் ஏற்றினாள். புருஷன் போனதிலிருந்து கண்ணாடி வளையல் ஏறாத கை அது. மகள் வளைகாப்பில்கூட அடுப்படியை விட்டு வெளியே வராதவள் கருத்தம்மா.

"கிறுக்கச்சி, நான் போடக் கூடாதுடி!"

"போடச் சொல்லல. வச்சிக்கிடச் சொல்லுதேன். நான் வந்து வாங்கிக்கிடுதேன். வாரேம்மா."

கதவு மூடிக்கொண்டது. வராந்தாவில் போவோர் வருவோரெல்லாம் வெறுங்கழுத்தையும் வளையல் கையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று கருத்தம்மா உட்கார்ந்திருந்தாள். ஒரு வளையலையும் கழற்றவில்லை.

மத்தியானம் கதவு திறந்தது. துணியில் சுற்றிய பெண் குழந்தையோடு நர்ஸ் வந்தாள். கருத்தம்மா எழுந்து இரண்டு கையையும் நீட்டினாள். வளையல் அத்தனையும் கலகலத்தது.

"அம்மா, கையி!" என்று உள்ளேயிருந்து களைத்துப்போன குரல் கேட்டது.