கண்ணாடிக் கதவுக்கு ஒரு மறைப்பு

…இதுவும் சாம்பல் நிறம், அதுவும் சாம்பல் நிறம், இதில் எட்டு வகை எதற்கு? கடைக்கார ரூபனோ துணித்துண்டுகளைக் கலாதேவியின் முன் விரித்துக்கொண்டே போகிறான், ஈப்போவில் இது மூன்றாவது கடை, சனிக்கிழமையும் பாழ், கால் வேறு கடுக்கிறது. பிளைண்ட்ஸ் என்றால் மேலிருந்து தரைவரை தொங்கும் துணிப் பட்டைகள், கயிற்றை இழுத்தால் ஒதுங்கும், சங்கிலியை இழுத்தால் திரும்பி மூடும், அவ்வளவுதானே, இதற்குள் எத்தனை கேள்வி! இடப்பக்கம் ஒதுங்கணுமா வலப்பக்கமா, பட்டை அகலமா ஒடுக்கமா… "அக்கா, இது கொஞ்சம் வெளிச்சம் விடும் லா. ரோட்டுல ஆளு போனா நெழலாத் தெரியும்." நிழல்கூடத் தெரியக்கூடாது. நிழல் தெரிந்தாலே அம்மா எழுந்துவிடுவாள்.

மாடிப்படி ஏற முடியாதென்று ஹாலில் கட்டில் போட்டதுதான் வினை. அம்மா செல்லாயிக்கு எழுபத்தெட்டு வயது, பெற்ற மகளின் பெயரே சமயத்தில் மறக்கிறது, எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்த, காலத்துப் பெரட்டு மட்டும் மறக்கவில்லை, அதுதான் வேலைக்குப் போகுமுன் வரிசையில் நின்று பேர் கொடுப்பது. இப்போது ரோட்டைப் பார்த்த ஹாலின் கண்ணாடிக் கதவுதான் பெரட்டுக் களம், அம்மாதான் கங்காணி! தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு, காலையில் நடக்கப் போகிறவர்களை எல்லாம் கண்ணாடியைத் தட்டிக் கூப்பிடுகிறாள், எதிர்வீட்டுச் சீனப் பெரியவரைப் பார்த்து, "லேட்டு! இன்னிக்கு ஒனக்குப் பேரு கெடையாது, வீட்டுக்குப் போ!" பாவம், அவர் கையசைத்துவிட்டுப் போகிறார். அதையாவது பொறுக்கலாம், மூன்றாவது வீட்டுத் தினேஸ்வரி, ஆபீசில் பக்கத்து மேசைக்காரி, சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும், "கலா, ஒங்கம்மா இன்னிக்கு என்னைய நாலாம் நெரைக்கு மரம் வெட்ட அனுப்பிட்டாங்க லா" என்றாளே… எல்லாரும் சிரித்தார்கள், இவளும் சிரித்தாள், பிறகு கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டாள். தினேஸ்வரி கெட்டவளா? இல்லை. அம்மாதான் என்ன செய்வாள்? மரம் வெட்டித்தானே இவளைப் படிக்கவைத்தாள்… தெரியும், எல்லாம் தெரியும், தெரிந்து என்ன, எரிச்சல் அடங்குகிறதா? வெயிலில் அம்மாவுக்குக் கண் கூசுகிறதென்று தம்பி பழனியப்பனிடம் போனில் சொல்லியாயிற்று, முதல் இரண்டு கடையிலும் சொல்லியாயிற்று, இங்கேயும் அதையே சொல்லவேண்டும்.

"வெயிலுக்கா அக்கா?" "வெயிலுக்குத்தான். எங்கம்மாவுக்குக் கண்ணு கூசுது." "அப்ப இந்தக் கட்டித் துணியே போட்டுரலாம். பகல்லயும் கெலாப்பா, நல்லா இருட்டா இருக்கும் லா. வாசல் எந்தப் பக்கம்?" "வடக்கு. முன்னால காரு நிறுத்துற கூரை இருக்கு." எழுதிக்கொண்டிருந்த ரூபனின் கை நின்றது. "வடக்கு, கூரை வேற… அங்க வெயிலே வராதே அக்கா."

வராது. வந்ததே இல்லை. ஹாலில் கட்டில் போட்ட இந்த ஐந்து மாதத்தில் அம்மா ஒருநாளாவது கண் கூசி முகத்தைத் திருப்பியதுண்டா? பழனியப்பனிடம் அவ்வளவு உறுதியாகச் சொன்னாளே, சொல்லும்போது அது பொய் என்று தனக்கே தோன்றவில்லையே, அதுதான் பயமாக இருக்கிறது… "அப்ப எதுக்கு அக்கா இவ்ளோ கட்டியா?" அவன் வியாபாரத்துக்குத்தான் கேட்டான். கலாதேவிக்குக் கையிலிருந்த கனத்த துணியைக் கீழே வைக்க மனம் வரவில்லை.