ஆறு வளையம், பதினைந்து வழி

என் மனைவிக்கு ரொட்டிக் கடையில் வேலை. காலை ஐந்து மணிக்கு அடுப்பு முன்னால் நிற்க வேண்டும். கடை மேட்டுத் தெருவின் உச்சியில் இருக்கிறது. அந்த நேரத்தில் பஸ் கிடையாது, கியர் சைக்கிள்தான் கதி. போன வாரம் இரண்டு நாள், மேடேறும்போது சங்கிலி பல்லுக்குப் பல் தாவி, வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். "மூணாவது தடவை லேட்டுன்னா உள்ள வரவேண்டாம்" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் மெக்கானிக்கிடம் ஓட்டிப் போனேன். பின் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "மாவும் எண்ணெயும் சேர்ந்து பல்லுக்கு நடுவுல பிசினா நிக்குது. செவ்வாய்க்கிழமை தரேன்."

நான் ஜவுளிக் கடைக்காரன். இன்றே வேண்டும் என்று ஆரம்பித்து, நாளைக்காவது என்று இறங்கி வந்தேன். மனுஷன் செவ்வாயைவிட்டு அரை நாள் நகரவில்லை.

"இதென்ன பெரிய வித்தை? நானே கழட்டித் துடைச்சுக்கறேன்."

"தாராளமா" என்று கழற்றும் கருவிகளையும் இரவல் கொடுத்தார். இவ்வளவு சுலபமாக ஒருவர் விட்டுக்கொடுத்தால் நான் அந்தச் சரக்கை வாங்கவே மாட்டேன். அன்றைக்குப் பார்த்து வாங்கி வந்தேன்.

ஞாயிறு மத்தியானம் கூடத்தில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தேன். பக்கத்தில் மண்ணெண்ணெய்க் கிண்ணம், பழைய பிரஷ், கந்தல் துணி. சோபாவில் மைத்துனன். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் வர்ணனை. பால் பொங்குவதைக்கூடச் சும்மா பார்க்கத் தெரியாது அவனுக்கு.

"இதோ மாமா நட்டைத் திருகுகிறார்... திருகுகிறார்... நட்டு மாமாவைத் திருகுகிறது."

"வாயை மூடிட்டு சக்கரத்தைப் பிடிடா."

ஏழு பல்சக்கரம், நடுநடுவே இடைவெளிக்கு ஆறு வளையம். கழற்றிய வரிசையில் பேப்பர்மேல் வைத்தேன்.

"வளையத்துக்கு ஒரு நம்பர் போட்டுக்கோங்களேன்" என்றாள் மனைவி.

"துணியைத் தடவியே நூல் தரம் சொல்ற விரல் இது. நம்பர் எதுக்கு?"

ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தேன். களிம்பு போய் இரும்பு பளபளத்தது. கை துடைக்க எழுந்தேன். அந்த ஒரு நிமிஷத்தில் வர்ணனைக்கு மேட்ச் செய்தியின் மீதி தேவைப்பட்டிருக்கிறது. பேப்பரை இழுத்தான். ஆறு வளையமும் கலகலவென்று உருண்டு ஒன்றாகக் குவிந்தன.

"அடப்பாவி!"

"எல்லாம் ஒரே மாதிரிதானே மாமா இருக்கு?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. மாட்டி, இறுக்கி, சங்கிலி போட்டு மிதித்தேன். மூன்று கியர் வரை வெண்ணெய். நான்காவதில் கடகடகட. கேபிள் திருகை இந்தப் பக்கம் திருப்பினால் நான்காவது அடங்கும், இரண்டாவது கத்தும். ஒரு மணி நேரம் இதே சண்டை. முதுகு விட்டுப்போச்சு.

மனைவி வந்தாள். எல்லாவற்றையும் மறுபடி கழற்றச் சொன்னாள். வளையங்களைத் துடைத்து, நகத்தால் நிமிண்டி, ஜோடி ஜோடியாக ஒட்டிப் பார்த்தாள்.

"நாலு தடிமன், ரெண்டு மெல்லிசு. உங்க விரல் சொல்லலையா?"

"கை முழுக்க எண்ணெய்டி."

"மெல்லிசு ரெண்டும் எங்க இருந்துச்சு?"

யாருக்குத் தெரியும்? வர்ணனை பேப்பர் ஓரத்தில் கணக்குப் போட்டான். "ஆறு இடத்துல ரெண்டை வைக்க பதினஞ்சு வழி இருக்கு மாமா. ஒண்ணுக்கு அரை மணின்னு வெச்சாலும்..."

"நீ கணக்கு சொன்னே, இந்த ஸ்பேனராலயே போடுவேன்."

நாலு வழி பார்த்தோம். நாலும் கடகடகட. ஐந்தாவதை மாட்டும்போது தெருவில் விளக்கு போட்டுவிட்டார்கள். சங்கிலியை விட்டெறியலாம் போல ஆத்திரம்.

"போதும், விடுங்க" என்று அவள் கருவியை வாங்கினாள். "மேடேற எனக்கு எத்தனை கியர் வேணும்?"

"ஒண்ணு... ரெண்டாவது பெரிய பல்சக்கரம்."

"அப்ப அது ஒண்ணு போதும்."

மாட்டியதை அப்படியே இறுக்கி, சங்கிலியை அந்தப் பல்சக்கரத்தில் நிறுத்தி, சத்தம் அடங்கும்வரை திருகைத் திருப்பினாள். கை தவறி மாறிவிடாதபடி கியர் பிடியை டேப்பால் சுற்றிக் கட்டினாள். தெருவில் ஒரு நடை ஓட்டிப் பார்த்தாள். தாவவில்லை. ஆனால் சமதளத்தில் கால் தையல் மிஷின் ஊசி மாதிரி பறந்தது, சைக்கிள் மாட்டு வண்டி வேகத்தில் போனது.

"நாளைக்கு இருபது நிமிஷம் முன்னாடி கிளம்பணும். நீங்க ரெண்டு பேரும் கூட வாங்க. சங்கிலி கழண்டா தள்ளிவிட ஆள் வேணும்."

"அக்கா, எனக்கு ஆபீஸ் இருக்கு."

"நாலரைக்கு எந்த ஆபீஸ்டா?"

நாலரைக்குக் கிளம்பினோம். சமதளத்தில் அவள் மிதிக்க, நாங்கள் பக்கத்தில் வேகநடை. மேடு தொடங்கியதும் கதை மாறியது. அவள் நிதானமாக ஏறிக்கொண்டே போனாள். எங்களுக்குத்தான் பாதியில் மூச்சு முட்டியது. வர்ணனைகூட வாயைத் திறக்கவில்லை. ஐந்துக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது உச்சியில் கடைக் கதவு திறந்து மூடியது. கொஞ்சம் கழித்து ஜன்னலில் ஒரு கை தெரிந்தது. போங்க, போங்க என்று எங்களை விரட்டியது.