செவலைக்கு ஒரு நியாயம்

பேரிகை மணியக்காரர் நாராயணப்பனின் செவலை எருது ஓட்டத்துக்கு இறங்கும் முன் அதற்கு நடக்கும் உபசாரம் இருக்கிறதே, கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அப்படி நடக்காது. முதலில் ஏரிக்கரை வரை மெல்ல நடத்திப் போக வேண்டும். திரும்பும்போது லேசான ஓட்டம். உடம்பில் சூடு ஏறியதும் தொடையில் வெதுவெதுப்பான எண்ணெய் தடவி நீவ வேண்டும். பிறகு ஒவ்வொரு காலாகத் தூக்கி, வெடுக்கென்று இழுக்காமல், மெதுவாக நீட்டி மடக்க வேண்டும். இதில் எது குறைந்தாலும் நாராயணப்பன் வள்ளென்று விழுவார். "சில்லுனு இருக்கற உடம்போட ஓட வுட்டா தொடை நரம்பு புட்டுக்கும்டா, அறிவு கெட்டவனே!" என்பார்.

இத்தனையும் செய்கிறவன் அவருடைய பண்ணையாள் கங்கப்பன். வயது இருபத்து நான்கு. கொல்லைக் காவலில் படுத்திருக்கும்போது யானை வர, எழுந்த வேகத்தில் ஓடி, இரண்டு முறை கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு உருண்டவன். அதன் பிறகுதான் செவலைக்குச் செய்வதைத் தனக்கும் செய்து பார்த்தான்.

காட்டிலாகாவில் காடு காக்கும் கார்டு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து தினமும் விடியலில் ஏரிக்கரைக்குப் போனான். கொஞ்ச தூரம் நடை, கொஞ்சம் மெல்லோட்டம், புளியமரத்தில் கையை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டுவது, அப்புறம்தான் முழு ஓட்டம். ஒரு நாளும் கால் பிடிக்கவில்லை. ஒரு மைல் ஓட்டத்தில் முதல் மூன்று பேருக்கு வேலை. காக்கிச் சட்டை, அரசாங்கச் சம்பளம். எல்லாவற்றையும்விட, இன்னொருவர் மாட்டுக்குக் கால் நீவாத பிழைப்பு. அவன் மனைவி சரசம்மா, காக்கிச் சட்டையை மாட்ட ஆணியே அடித்துவிட்டாள்.

மார்கழியில் தேன்கனிக்கோட்டை மைதானத்தில் தேர்வு வைத்தார்கள். பல் கிட்டிப்போகிற பனி. ஆட்களின் நன்னடத்தைக்குக் கையெழுத்துப் போட அந்தந்த ஊர் மணியக்காரர்கள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தேர்வு நடத்தும் ரேஞ்சரின் ஜீப் இன்னும் வரவில்லை. கங்கப்பன் ஓரமாக நடந்தான், மெல்ல ஓடினான், வேலிக்கல் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக் குனிந்தான்.

"டேய் கங்கா!" நாராயணப்பனின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. "பெரிய மனுசங்க குந்திக்கினு இருக்கறோம். எங்க மூஞ்சிக்கு நேரா காலை நீட்டறியா? சோம்பல் முறிக்க வேற எடம் கெடைக்கலையா?"

"சோம்பல் இல்லீங்க சாமி. ஓடறதுக்கு முன்னாடி உடம்பைக் கொஞ்சம்..."

"வாய் வேறயா? கையைக் கட்டிக்கினு நில்லுடா. என் கையெழுத்து வேணுமா, வேணாமா?"

வேண்டும். அதனால் நின்றான். பெரியவர் எதிரே சேரிக்காரன் உட்காரக் கூடாது, கை வீசக் கூடாது, உடம்பை முறிக்கக் கூடாது என்று எந்தச் சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது? நாடு குடியரசாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் நாராயணப்பன் நாற்காலி போட்ட இடத்தில் எல்லாம் அந்தச் சட்டம்தான். பத்தடி தள்ளி அவர் தம்பி மகன் கோவிந்தப்பன் கையை வீசி வீசிக் குதித்துக்கொண்டிருந்தான். "துடியான பையன்" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் பெருமையாகச் சொன்னார் அதே நாராயணப்பன். ஒரே மைதானம், ஒரே பனி. ஒருவன் செய்தால் துடிப்பு, இன்னொருவன் செய்தால் திமிர். இதைப் பார்த்து வயிறு எரியாதவர்கள் அங்கே நாற்காலியில் இருந்தவர்கள் மட்டும்தான்.

ஜீப் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் கட்டிய கையை அவன் அவிழ்க்கவில்லை. ஏற்றிய சூடு எல்லாம் இறங்கிப்போய்க் கால்விரல் மரத்தது. ஜீப் வந்ததும் வரிசையில் நிறுத்தினார்கள், உடனே விசில் ஊதினார்கள்.

கங்கப்பன்தான் முன்னால் ஓடினான். முக்கால் மைல் வரைக்கும் அவனைத் தொட ஆள் இல்லை. அங்கே வலது தொடையின் பின்புறம் கயிறு அறுந்த மாதிரி சுளீர் என்றது. விழுந்தான். எழுந்து நொண்டியபடியே எல்லைக்கோட்டைத் தொட்டபோது எல்லோரும் முடித்துவிட்டிருந்தார்கள். கோவிந்தப்பன் மூன்றாவது. ரேஞ்சர் நோட்டில் 'உடல் தகுதி இல்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனார்.

"காடு காக்கறவனுக்குக் காலு பலமா இருக்கோணும்டா" என்று புத்தி சொன்னார் நாராயணப்பன்.

வீட்டில் சரசம்மா ஒத்தடம் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே பொரிந்தாள். "மாட்டுக் காலை நீட்டி வுடலன்னா வையறாரு. நீ உன் காலை நீட்டினா அதுக்கும் வையறாரு. உன் காலு அவுரு மாட்டுக் காலு அளவுக்குக்கூட ஒசத்தி இல்லையா?"

அந்தக் கேள்வி ஒரு மாதமாகக் கங்கப்பனைத் தூங்க விடவில்லை.

தை மாதக் கடைசியில் பேரிகையில் எருது விடும் விழா. ரேஞ்சர்தான் விருந்தாளி. மறுபடியும் நாற்காலி வரிசை. கங்கப்பன் நொண்டிக்கொண்டே செவலையைக் கொட்டகையிலிருந்து நேராக நாற்காலிகளுக்கு எதிரே கொண்டுவந்து கம்பத்தில் கட்டினான். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"என்னடா நிக்கற? அரை மணிதான் இருக்குது. நடத்துடா!" என்றார் நாராயணப்பன்.

"பெரிய மனுசங்க குந்திக்கினு இருக்கறீங்க சாமி. உங்க மூஞ்சிக்கு நேரா செவலை காலை நீட்டினா மரியாதையா இருக்குங்களா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாராயணப்பனுக்கு முகம் சிவந்தது. "சில்லுனு ஓடினா தொடை புட்டுக்கும்டா!" என்று கத்தினார்.

"எனக்கும் அப்படித்தாங்க புட்டுக்கிச்சு."

சிரிப்பு நின்றுவிட்டது. ரேஞ்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீ மார்கழியில ஓடி விழுந்தவன்தானே?"

"ஆமாங்க. முன்னால ஓடிக்கினு இருந்தவன். உடம்பைச் சூடு பண்ணிக்கினு இருந்தேன், அது குத்தம்னு ஒரு மணி நேரம் பனியில கையைக் கட்டி நிக்க வெச்சாங்க. கோவிந்தப்பன் குதிச்சது மட்டும் குத்தம் இல்லீங்களாம்."

ரேஞ்சர் நாராயணப்பனைப் பார்த்தார். நாராயணப்பன் தன் செருப்பைப் பார்த்தார்.

"அடுத்த மார்கழியில வா. இனிமே ஓடறவங்க எல்லாருக்கும், விசிலுக்கு முன்னாடி உடம்பைத் தயார் பண்ண நேரம் கொடுத்துத்தான் ஓட வுடுவேன்" என்றார் ரேஞ்சர். மார்கழியில் தான் ஒரு மணி நேரம் தாமதமாக வந்ததைப் பற்றி அவர் பேசவில்லை. பெரிய மனிதர்களின் தாமதம் எப்போதும் அப்படித்தான்.

கங்கப்பன் கட்டிய கையை அவிழ்க்கவில்லை; அவனையும் மணியக்காரரையும் தவிர வேறு யாரையும் செவலை கிட்டே விடாது. முட்டும். கடைசியில் நாராயணப்பனே பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதை ஏரிக்கரைக்கு நடத்திப் போக வேண்டியதாயிற்று. திரும்பி வந்து, ஊரே பார்க்கக் குனிந்து, பின்னங்காலைத் தூக்கி நீட்டினார். செவலை காலை உதறியதில் வேட்டியெல்லாம் சேறு.

கங்கப்பன் நாற்காலிகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். ஆறிவரும் வலது காலை, மணியக்காரரின் காலி நாற்காலிக்கு நேராக, வலிக்காத அளவுக்கு மெல்ல நீட்டினான். யாரும் மடக்கச் சொல்லவில்லை.

கூட்டத்திலிருந்து சரசம்மாவின் குரல் மட்டும் வந்தது.

"அந்தக் காலையும் நீட்டு!"