சுவரைப் பார்த்த மூக்கு

வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

வீட்டுக்காரர் என்றால் கட்டிய கணவன் அல்ல. இரண்டு தெரு தள்ளி, மாடியில் ஓர் அறையும் தனிச் சமையலறையும் வாடகைக்கு விடுகிற பெரியவர். "அஞ்சு மணிக்கு நானே கூப்பிடறேன். வேணும், வேண்டாம், ஒரே வார்த்தையில சொல்லிடும்மா" என்று காலையில் போனில் சொல்லியிருந்தார்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதுதான் அந்த வீட்டின் இளைய மருமகளுக்கு, அதாவது இளையவளுக்கு, கஷ்டமாக இருந்தது. போன மாதம் ஒருநாள், "இந்தச் சமையலறையில திரும்பக்கூட இடமில்லை" என்று கணவனிடம் அலுத்துக்கொண்டிருந்தாள். மேடையை அடைத்துக்கொண்டு நிற்கும் பாத்திர ஸ்டாண்டைத்தான் சொன்னாள். அவன் பாதியைக் காதில் வாங்கி, மீதியைத் தானே இட்டு நிரப்பிக்கொண்டான். அண்ணன் குடும்பத்தை விட்டுத் தனியாகப் போக மனைவி ஆசைப்படுகிறாள் என்று முடிவுகட்டி, சத்தமில்லாமல் வீடும் பார்த்துவிட்டு வந்தான். "உனக்காகத்தான் பார்த்தேன். உனக்குப் பிடிச்சா சரி, நீயே சொல்லிடு." பூரித்துப்போய் நின்றவனிடம் 'நான் ஸ்டாண்டைத்தான் சொன்னேன்' என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

அண்ணன் மனைவிக்கு, அதாவது மூத்தவளுக்கு, இந்தப் பேச்சே தெரியாது. தெரிந்தால் 'அப்பாடா, இனிமேல் கை காலை நீட்டலாம்' என்று சந்தோஷப்பட்டுவிடுவாளோ என்பதுதான் இளையவளின் பயம்.

அந்த மூத்தவள் அன்று காலையிலிருந்தே அவளை விட்டு அங்குலம் நகரவில்லை. மதியப் பாத்திரம் கழுவி முடித்ததும், கண்ணாடித் தம்ளரின் அடியில் ஒட்டியிருந்த துருவட்டத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள்.

"வாடீ. இன்னைக்கு இவனை ஒரு கை பார்த்துடலாம்."

இவன் என்றது ஸ்டாண்டை.

தட்டுகளையும் கரண்டிகளையும் இறக்கிவிட்டு, இருவரும் அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பின்வாசல் குழாயடிக்குத் தூக்கிப் போனார்கள். வெயிலில் பார்த்தபோதுதான் அதன் யோக்கியதை தெரிந்தது. கம்பிகளில் வெள்ளை வெள்ளையாய் உப்பு. கம்பியும் கம்பியும் சேரும் இடங்களில் வழுவழுவென்று கறுப்புப் பாசி. கரண்டிக் கிண்ணத்தில் துரு.

"எவர்சில்வர்னு சத்தியம் பண்ணித்தான்டீ கொடுத்தான் அந்தக் கடைக்காரன்."

"எவர்சில்வருக்கும் துருப்பிடிக்கும்க்கா. கொஞ்சம் லேட்டாப் பிடிக்கும், அவ்வளவுதான். எந்நேரமும் ஈரத்துலயே நிக்க வெச்சா அது என்ன பண்ணும்?"

"இதைச் சொல்லத்தான் உன்னைக் காலேஜுக்கு அனுப்பினாங்களா?"

"இதையும் சொல்லத்தான்."

இளையவள் வினிகர் கலந்த வெந்நீரில் கிழிந்த துண்டுகளை நனைத்து, உப்புப் படிந்த கம்பிகளைச் சுற்றி இறுக்கமாகக் கட்டினாள். உப்பு இளக அரை மணி ஆகும். அடிபட்டவனுக்குக் கட்டுப் போட்டதுபோல் ஸ்டாண்டு வெயிலில் நின்றது. இருவரும் படியில் உட்கார்ந்தார்கள்.

"ஏன்டீ, வீட்டுக்காரர்கிட்ட அஞ்சு மணிக்குள்ள என்ன சொல்லணும்?"

இளையவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "கேட்டுட்டீங்களா?"

"காலையில அடுப்படியில நின்னு போன்ல பேசிட்டு, கேட்டுட்டீங்களாவா? 'காக்க வெச்சா கோவிச்சுக்குவீங்க'ன்னு கெஞ்சிட்டு வேற இருந்தே. கோவிச்சா கோவிக்கட்டும்! நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப அவன் அரை டிராயரோட சுத்திட்டிருந்தவன்."

"யாருக்கா?"

"வேற யாரு? உன் வீட்டுக்காரன்தான்."

"ஐயோ அக்கா, அவருக்கு எழுபது வயசு!"

மூத்தவள் வாய் பிளந்தாள். "என்னடீ உளர்றே?"

இனி மறைக்க வழியில்லை. மாடி அறை, தனிச் சமையலறை, ஐந்து மணி என்று எல்லாவற்றையும் இளையவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தன் மனதில் இருந்ததை மட்டும் சொல்லவில்லை.

மூத்தவள் புடவை நுனியில் இருந்த ஈரத்தைப் பிழிந்தாள். பிறகு, "தண்ணி நல்லா வருதாமா?" என்று கேட்டாள்.

"வருதாம்."

"வெளிச்சம்?"

"இருக்காம்."

"அப்புறம் என்ன, நல்லதுதானே. சின்னஞ்சிறுசுங்க, தனியா இருக்கணும்னு தோணத்தான் செய்யும். இந்த ஸ்டாண்டையும் கையோட எடுத்துட்டுப் போயிடு. எனக்கெதுக்கு இவ்வளவு பெரிசு?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் எழுந்த வேகத்தில், இன்னும் ஊறாத துணிக்கட்டுகளையும் சேர்த்துப் பிரித்துவிட்டாள்.

இருவரும் பழைய பல் துலக்கும் பிரஷ்களை எடுத்துக்கொண்டு தேய்த்தார்கள். மூலைகளுக்குச் சோடா உப்பு போட்டார்கள். உப்புக்கறை செதில் செதிலாய் உதிர்ந்தது. இளையவள் அடித்தட்டைக் கவிழ்த்து வைத்துச் சுரண்டினாள். பாத்திரங்களிலிருந்து வடியும் தண்ணீரைத் தாங்கும் பிளாஸ்டிக் தட்டு அது. தினம் இரண்டு வேளை நிரம்பும். யாராவது ஒருத்தி, மேலே தளும்பாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உருவி, பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்ட வேண்டும். இதில் நனையாத புடவை அந்த வீட்டில் இல்லை.

ஒரு ஓரத்தில் உப்பு பாளமாகப் பெயர்ந்தது. உள்ளே சின்னதாய் ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

"இது என்னடீ?"

"தண்ணி தானா வழியறதுக்குக்கா. இந்தப் பக்கத்தைத் தொட்டிமேல வெச்சா கொட்டவே வேண்டாம்."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"வந்த அன்னைக்கே தெரியும். நீங்க சுவரைப் பார்த்து வெச்சிருந்தீங்க. ஏதோ காரணம் இருக்கும், வந்ததும் வராததுமா மாத்தினா நல்லா இருக்காதேன்னு விட்டுட்டேன்."

"நான் வெச்சேனா?" மூத்தவளின் குரல் எகிறியது. "நீ வந்த வாரம் எல்லாத்தையும் இறக்கித் துடைச்சு ஏத்தினியே, அப்பத்தான் ஸ்டாண்டு திரும்பினது! இந்த மூக்கை நான் எங்கே கவனிச்சேன்? புதுப் பொண்ணு ஆசையா வெச்சதை மாத்தினா மனசு நோகுமேன்னு நானும் வாயை மூடிட்டு இருந்தேன்."

"நான் எடுத்த மாதிரியேதான் வெச்சேன்!"

"அப்ப ரெண்டு வருஷமா யாருக்காகடீ அந்தத் தண்ணியைச் சுமந்தோம்?"

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. மூத்தவள் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இளையவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்து, துடைக்கப் போய், வினிகர் கை பட்டு இன்னும் எரிந்தது. அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்து, கம்பிகளை அலசித் துணியால் ஒற்றி, ஸ்டாண்டை வெயிலில் சாய்த்து வைத்தபோது போன் மணி அடித்தது.

"போய் எடு" என்றாள் மூத்தவள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏற்கெனவே காய்ந்திருந்த கரண்டிக் கிண்ணத்தை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தாள்.

இளையவள் போனோடு குழாயடிக்கே திரும்பி வந்தாள். கை ஈரமாக இருந்ததால் ஒலிபெருக்கியைப் போட்டுப் படியில் வைத்தாள்.

"என்னம்மா முடிவு பண்ணீங்க? வேணுமா, வேண்டாமா?"

"வேண்டாங்கய்யா."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அடடா. உங்க வீட்டுக்காரர் அவ்வளவு ஆசையாப் பார்த்துட்டுப் போனாரே. அவர் வேண்டாம்னுட்டாரா?"

"அவர் இல்லைங்கய்யா" என்றாள் இளையவள். மூத்தவளைப் பார்க்காமல் சொல்லலாம் என்று நினைத்தாள், பிறகு பார்த்தே சொன்னாள். "எனக்குத்தான் இந்த வீட்டை விட்டுப் போக இஷ்டமில்லை."