வெயிலில் மூன்று நாள்

சரியாகப் பதினோரு மணி ஆனதும் அவள் பால்கனிக் கொடியிலிருந்து அந்தத் துணிப்பையை இறக்கினாள். ஒரு நிமிடம் முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டது, இன்று வியாழன். காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதும், துணி காயப் போடும்போதும் அது அவள் தோளில் உரசிக்கொண்டுதான் இருந்தது. விதி என்றால் விதி. முப்பத்து நாலு வருஷம் ஆஸ்பத்திரியில் மருந்து அளந்து கொடுத்தவள். பத்து மில்லி என்றால் அவளுக்குப் பத்து மில்லிதான், பதினொன்று கிடையாது. ஓய்வு பெற்றும் அந்தப் புத்தி மட்டும் ஓய்வு பெறவில்லை என்று கணவர் கேலி செய்வார்.

பையில் இருந்தவை சிறையிலிருந்து வந்த கடிதங்கள். அவளும் இன்னும் எட்டுப் பேரும் சேர்ந்தது பார்வையாளர் குழு. சம்பளம் கிடையாது, சீருடை கிடையாது. சிறைக்குள் எந்த நாளும் எந்த நேரமும் சொல்லாமல் கொள்ளாமல் போகலாம், எந்த அறைக் கதவையும் திறக்கச் சொல்லலாம், யாரிடமும் தனியாகப் பேசலாம். கண்டதை எழுதி மேலே அனுப்ப வேண்டும். அதிகாரிகளுக்கு அவர்களைக் கண்டால் ஆகாது, ஆனால் காட்டிக்கொள்ள முடியாது. ஊரெல்லாம் அந்தத் தொற்றுநோய் வந்த பிறகு குழு உள்ளே போவது நின்றுபோனது. மிச்சம் இருந்தது மனுப்பெட்டி மட்டும். சாவி அவளிடம். வாரா வாரம் திங்கட்கிழமை வார்டர் ஒருவர் பெட்டியை வாசலுக்குத் தூக்கிவருவார், அவள் திறந்து கடிதங்களைப் பைக்குள் கொட்டிக்கொண்டு வந்துவிடுவாள். கைதிகள் அவளுக்குப் பெட்டியம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

காகிதத்தில் கிருமி ஒட்டிக்கொண்டு வரும், மூன்று நாள் வெயிலில் கிடந்த பிறகுதான் பிரிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் நடந்த முதல் கூட்டத்தில் சொன்னவள் அவளேதான். மருந்து தெரிந்தவள் சொன்னால் யார் மறுப்பார்கள்? எல்லோரும் தலையாட்டினார்கள். கணவருக்கு ஒரு நுரையீரல்தான் என்பதை மட்டும் அவள் கூட்டத்தில் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

அந்த வாரம் பன்னிரண்டு கடிதங்கள். சோப்பு ஒரு வாரத்துக்கு ஒன்று பத்தவில்லை. போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே கட் ஆகிறது, மனைவி நான்தான் வைத்துவிட்டேன் என்று நினைத்துக் கோபித்துக்கொள்கிறாள். முடி வெட்டி நாலு மாதம் ஆகிறது, கண்ணாடியில் என்னைப் பார்த்து நானே பயந்துபோகிறேன் பெட்டியம்மா. இதைப் படித்து அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே ஆறாவது கடிதத்தைப் பிரித்தாள்.

"பெட்டியம்மாவுக்கு, மூன்றாம் பிளாக் தையல்காரன் எழுதுவது. எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பக்கத்து அறைப் பெரியவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவரை நாங்கள் ரேடியோ என்று கூப்பிடுவோம். விழித்ததிலிருந்து பேசிக்கொண்டே இருப்பார். நேற்று மத்தியானத்திலிருந்து சத்தம் இல்லை. பொய் சொல்லக் கூடாது, முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. ராத்திரி இருமினார். காலையில் இருமலும் இல்லை, மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. வார்டரிடம் சொன்னேன், தூங்குகிறார் என்றார். தூக்கத்திலும் பேசுகிற ஆள் அம்மா அவர். இன்றே யாரையாவது அனுப்புங்கள். திங்கள், காலை."

'இன்றே' என்பதன் அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. இரண்டாவது கோடு போடும்போது பென்சில் அழுந்தி, காகிதம் லேசாகக் கிழிந்திருந்தது.

எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்து சிறைக்குப் போன் போட்டாள். எடுத்தவர், "எல்லாம் நார்மல் மேடம்" என்றார். மூன்றாம் பிளாக்கில் ஒரு பெரியவர் என்று ஆரம்பித்தாள். "எதுவா இருந்தாலும் எழுத்து மூலமா கேளுங்க மேடம்" என்று வைத்துவிட்டார். எழுத்து மூலமாகக் கேட்டவனுக்கு என்ன கிடைத்தது என்பது அவள் மடியில்தான் கிடந்தது.

கணவர் உள் அறையில் இருந்தார். நோய் வந்ததிலிருந்து அவர் அந்த அறையை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. சாப்பாட்டைக்கூடக் கதவருகே ஸ்டூலில் வைத்துவிடுவாள்.

"நான் உள்ள போகணும்" என்றாள் கதவுக்கு வெளியே நின்று.

"எங்க உள்ள?"

"ஜெயிலுக்கு."

"அப்படி என்ன தப்பு பண்ணின?"

வழக்கமான கேலிதான். "பண்ணிட்டேன்" என்றாள். கடிதத்தை வாசித்துக் காட்டினாள்.

"போ. வந்ததும் கொஞ்ச நாள் மாடில இருந்துக்க. எனக்குக் கஞ்சி வெச்சுக்கத் தெரியும்" என்றார். அவருக்குத் தெரியாது. அடுப்புப் பற்றவைக்கவே இரண்டு தரம் கூப்பிடுகிற மனிதர்.

சிறை வாசலில் இருந்த வார்டர் அவள் நெற்றிக்கு நேரே கருவியை நீட்டிச் சூடு பார்த்தார். பிறகு, யாரையும் உள்ளே விடக் கூடாது என்று உத்தரவு என்றார். அவள் பார்வையாளர் அட்டையைக் காட்டினாள். "எந்த நாளும், எந்த நேரமும்னு போட்டிருக்கு, படிங்க."

"அது நோய்க்கு முன்னாடி அடிச்ச அட்டை மேடம்."

போன் மேலே போனது, கீழே வந்தது. சரி, போகலாம், ஆனால் பாதுகாப்பு உடை போட்டுக்கொண்டுதான் போக வேண்டும், உடையை ஸ்டோரில் தேடுகிறார்கள் என்றார்கள். நாற்பது நிமிடம் தேடினார்கள். காக்க வைத்தால் கிளம்பிப் போய்விடுவாள் என்று நினைத்திருக்கலாம். மூன்று நாள் காக்க வைத்தவளுக்கு நாற்பது நிமிடம் பெரிதா என்று அவள் மனசே அவளைக் குத்தியது. அவர் இப்போது எழுந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம், வார்டர் சொன்னதுபோல அசந்து தூங்கியிருக்கலாம் என்றெல்லாம் தனக்குத் தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். மருந்துக்காரிக்கு அந்தச் சமாதானம் செல்லாது. மூச்சு இழுக்கிற சத்தம் என்று எழுதியிருந்தானே.

"இன்னும் அஞ்சு நிமிஷம் பாப்பேன். அப்புறம் போட்டிருக்கிற துணியோடயே உள்ள வருவேன், தடுக்கிறவங்க பேரை எழுதிப்பேன்" என்றாள். உடை உடனே கிடைத்துவிட்டது.

ஜெயிலர் அவளைத் தன் அறைக்கு அழைத்துப்போனார். கெட்ட மனிதர் இல்லை. மூன்று வாரமாக வீட்டுக்குப் போகாமல் அலுவலக அறையிலேயே படுக்கிறார். அலமாரிக்குப் பின்னால் சுருட்டி வைத்த பாய் தெரிந்தது. அவள் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

"அந்தப் பெரியவர் நேத்து சாயங்காலம் ஆஸ்பத்திரில இறந்துட்டாரு மேடம்."

செவ்வாய் மாலை ஆறு மணிக்கு, இரண்டு வேளைத் தட்டு அப்படியே இருப்பதைப் பார்த்துத்தான் கதவைத் திறந்திருக்கிறார்கள். ஆம்புலன்ஸ், ஆக்சிஜன் எல்லாம் நடந்திருக்கிறது. தம்பி மகன் ஒருவன் இருக்கிறான், அவனுக்குத் தகவல் போய்விட்டது. ஜெயிலர் சொல்லிக்கொண்டே போனார். அவள் காதில் பாதிதான் விழுந்தது. திங்கள் பதினோரு மணியிலிருந்து செவ்வாய் ஆறு மணி வரை முப்பத்தொரு மணி நேரம். முப்பத்தொரு மணி நேர ஆக்சிஜன் ஒரு மனிதனுக்கு என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். சில பேருக்கு ஒன்றும் செய்யாது என்றும் தெரியும். அவர் எந்தப் பக்கம் என்று இனி எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை.

"லெட்டர் உங்களுக்கு எப்ப கிடைச்சுது மேடம்?"

"திங்கக்கிழமை."

"படிச்சது?"

அவள் கையுறையை இழுத்து விட்டுக்கொண்டாள். அவர் புரிந்துகொண்டார். மேஜை மேல் இருந்த காகிதங்களைத் தட்டி அடுக்கினார்.

"பாருங்க, எங்க வார்டர் அசால்ட்டா இருந்துட்டான். நான் இல்லைன்னு சொல்லல. உங்க பக்கமும் ஒரு தாமதம். நாள், நேரம்னு எழுதப் போனா ரெண்டு பேருக்கும் சிக்கல். பொதுவா ஒரு ரிப்போர்ட் குடுத்துடுங்களேன். நோய் யாரைத்தான் விட்டுது? இன்னொண்ணு, பிளாக்ல இன்னும் சொல்லல. நாப்பது கதவு மேடம். தெரிஞ்சா தட்ட ஆரம்பிச்சுடுவாங்க."

ஒரு நொடி அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அதை மறைப்பானேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இன்னொரு கை கூடவே வந்தால் யாருக்குத்தான் கசக்கும்? குழுவில் இருக்கும் எட்டுப் பேரின் முகமும் ஒருமுறை வந்து போனது. உடைக்குள் வியர்வை முதுகில் இறங்கியது.

"தையல்காரரைப் பாக்கணும்" என்றாள்.

மூன்றாம் பிளாக் நீளமான ஒரு நடை. இரண்டு பக்கமும் இருபது இருபது இரும்புக் கதவுகள், ஒவ்வொன்றிலும் நெஞ்சு உயரத்தில் தட்டு நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு. பினாயில் நெடி முகமூடியைத் தாண்டி வந்தது. ஒரு கதவு மட்டும் திறந்து கிடந்தது. உள்ளே கட்டில் சட்டம் மட்டும் இருந்தது, மெத்தை இல்லை, தரை கழுவி ஈரமாக இருந்தது. அவள் அங்கே நின்றது கொஞ்ச நேரம்தான். பக்கத்துக் கதவின் திறப்பில் இரண்டு கண்கள் தெரிந்தன. தலையணை உறையைக் கிழித்து அவன் தானே தைத்த முகமூடி, தையல் நூலளவும் பிசகாமல் ஓடியது.

"டாக்டரா?"

"இல்லப்பா. பெட்டியம்மா."

கண்கள் பெரிதாயின. "அம்மாவா! நேர்லயே வந்துட்டீங்களா! திங்கக்கிழமை லெட்டர் போட்டேன், மறுநாளே கதவைத் தொறந்து தூக்கிட்டுப் போனாங்க. பெட்டியம்மாவாலதான்னு எல்லார்கிட்டயும் கத்திச் சொல்லிட்டேன். இவனுங்க நம்பல. பெட்டில போட்டா குப்பைக்குத்தான் போகும்னாங்க. இப்ப என்னடா சொல்றீங்க?" கடைசி வரியை நடை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான். எங்கிருந்தோ யாரோ விசிலடித்தார்கள். "எப்படி இருக்காரும்மா? நர்ஸுங்க காதைத் தின்னுக்கிட்டு இருப்பாரே."

ஜெயிலர் அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தார். இப்போது அவள் வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினால் போதும், நாற்பது கதவுக்கும் அவள் தெய்வம்.

"அவர் நேத்து போய்ச் சேந்துட்டாருப்பா" என்றாள். உரக்கத்தான் சொன்னாள். "அவரைத் தூக்கிட்டுப் போனது என்னால இல்ல. உன் லெட்டரை நான் இன்னைக்குக் காலைலதான் பிரிச்சேன். மூணு நாள் என் வீட்டு பால்கனில தொங்கிட்டு இருந்துது. நோய்க்குப் பயந்து அப்படி ஒரு விதி. அந்த விதியைப் போட்டதும் நான்தான். வேற யாரும் இல்ல."

விசில் நின்றுபோயிருந்தது. கதவுகளுக்குப் பின்னால் ஆட்கள் நகர்ந்து திறப்புகளுக்கு அருகே வருகிற சத்தம் கேட்டது. ஜெயிலர் இரண்டு வார்டர்களைப் பார்த்துக் கண் காட்டினார். அவர்கள் தடியைக் கையில் எடுத்தார்கள். யாரும் கதவைத் தட்டவில்லை. தையல்காரன் திறப்பை விட்டு விலகிப் போனான். உள்ளே அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவள் காத்திருந்தாள். திட்டுவான் என்று நினைத்தாள். திட்டட்டும், அதற்குத்தானே வந்தது.

கண்கள் திரும்ப வந்தன.

"அப்ப, அடுத்த தடவை அவசரம்னா நாங்க எதுல போடணும்மா?"

குத்தல் இல்லை அதில். நிஜமாகவே கேட்டான். அவன் குத்தியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். "அந்தப் பக்கம் கடைசி ரூம்ல ஒருத்தருக்கு முந்தாநாள்லேர்ந்து இருமல். அதான் கேக்கறேன்" என்றான்.

அவள் ஜெயிலரிடம் திரும்பினாள். "அவரை முதல்ல டாக்டர் பாக்கணும். இப்பவே. அது வரைக்கும் நான் இங்கேருந்து நகர மாட்டேன்." ஒரு வார்டர் ஓடினார். "இவங்களுக்கு வாரத்துக்கு ஒரு போன் உண்டு இல்ல? என் நம்பருக்கும் பேசலாம்னு எழுதுங்க. இந்த பிளாக்ல எல்லாருக்கும்."

"பதிவு பண்ணின நம்பருக்குத்தான் மேடம் பேச விடுவோம்."

"பதிவு பண்ணுங்க. இன்னைக்கு எழுதப் போறதுல இதையும் எழுதறேன், என் மூணு நாளையும் எழுதறேன், உங்க வார்டரோட ஒண்ணரை நாளையும் எழுதறேன்."

ஜெயிலர் தரையைப் பார்த்தார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

"நம்பரைச் சொல்லுங்கம்மா" என்றான் தையல்காரன். "பென்சிலைத் திரும்ப வாங்கிட்டாங்க. மனப்பாடம் பண்ணிக்கறேன்."

அவள் இரண்டு இரண்டு எண்ணாகச் சொன்னாள். அவன் திருப்பிச் சொன்னான். எதிர்க் கதவிலிருந்து இன்னொருவன் சொன்னான். அதற்கு அடுத்தவன் ஏழாவது எண்ணைத் தப்பாகச் சொல்ல, மூன்று பேர் ஒரே நேரத்தில் திருத்தினார்கள். கதவு கதவாக அந்த எண் நடையில் இறங்கிப் போனது. முகம் தெரியாத கரகரத்த குரல்களில், இளசுக் குரல்களில், பல் போன ஒரு குரலில் அது போய்க்கொண்டே இருந்தது. கடைசி அறைக்காரர் ஆரம்பித்தார். ஐந்து எண் சரியாக வந்தது, ஆறாவதில் இருமல் பிடித்துக்கொண்டது. இருமல் விடவில்லை. வார்டர்கள் உட்பட யாரும் அசையவில்லை. மிச்சம் ஐந்து எண்ணுக்காக அந்த நடை முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது.